புயலில் அடிபட்ட ஃபைபர் படகை வாங்கி விற்றால் லாபமா?

கேள்வி: புயலில் கரை ஒதுங்கிய 28 அடி ஃபைபர் படகு ஒன்று எஞ்சினோடு மலிவாக வருகிறது. விலாவில் ஓட்டை. சரிசெய்து விற்றால் நாலு காசு பார்க்கலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பார்க்கலாம். விலா ஓட்டைக்குப் பயப்படாதீர்கள். அது கண்ணுக்குத் தெரிகிற பழுது. கையைக் கடிப்பது எஞ்சின் மாட்டும் பின்பலகைதான். வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கும், உள்ளே பிளைவுட் ஊறி உளுத்திருக்கும். நான் வாங்கிய முதல் படகில் புதுப் பெயின்ட்டை நம்பி இப்படித்தான் ஏமாந்தேன்.

சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டங்'கென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடம் 'பொத்'தென்று கேட்கும். சந்தேகம் வந்தால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பின்பலகையின் உள்பக்கம் அடிவாட்டில் 6 மி.மீ. துளை போடுங்கள். வருகிற தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் பொலபொலவென உதிர்ந்தால் சரி. கறுத்து, களிபோல் ஒட்டினால் பலகையையே மாற்ற வேண்டும். அந்தக் கூலியைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். துளை போடவே விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மிதப்பதற்காக அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் படகு கனக்கும். அதையும் பிரித்துப் பாருங்கள்.

ஓட்டையை அடைக்கும்போது மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) மேலோடு ஒட்டினால் சீக்கிரமே உரிந்துவிடும். 5 மி.மீ. கனமான ஃபைபர் என்றால் சுற்றிலும் 6 செ.மீ. சரிவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ரெசின் (மேட்டை ஒட்டும் பிசின்) போடுங்கள். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் மட்டும் நேராகக் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கடல்தண்ணீரில் மூழ்கி மாதக்கணக்கில் கிடந்த எஞ்சின் என்றால் பழைய இரும்பு விலைதான் கொடுக்கலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு வேண்டும். 'முழுச் சேதம்' என்று நிவாரணமோ இன்சூரன்ஸோ வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் பதிவு ரத்தாகியிருக்கலாம், உடைசலே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பெயர் மாற்றம் ஆகாத படகை நீங்கள் யாருக்கும் விற்க முடியாது.