தருமபுரிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அறிவியல் பத்திரிகையாளர் ஃபெல்லோஷிப் கிடைக்குமா?

வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் இளம் அறிவியல் பத்திரிகையாளர்களுக்கென்று ஃபெல்லோஷிப் (உதவித்தொகையோடு எழுதிப் பழகும் வாய்ப்பு) தருகிறார்களே, அது நமக்கெல்லாம் கிடைக்குமா, இல்லை டெல்லி, பெங்களூர் ஆட்களுக்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுக் கல்லூரி பி.எஸ்சி., வீட்டில் முதல் பட்டதாரி, இங்கிலீஷ் என்றால் கொஞ்சம் உதறல் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஏற்கெனவே பதில் போட்ட ஒருவர் "இதுவும் ஒரு கோட்டாதான், திறமைக்கு மதிப்பில்லை" என்று எழுதியிருக்கிறார், அவர் புண்ணியத்தில்தான் இவ்வளவு நீளம்.

முதலில் எது உங்களுக்கானது என்று பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கும் நைட் ஃபெல்லோஷிப் ஏற்கெனவே பல வருடம் எழுதியவர்களுக்கு, இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். அமெரிக்க அறிவியல் சங்கம் 1970களிலிருந்து நடத்தும் மாஸ் மீடியா ஃபெல்லோஷிப் அங்கே படிக்கிறவர்களை மனதில் வைத்தது. 'தி ஓப்பன் நோட்புக்' என்ற அமைப்பு ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டியோடு சேர்த்துத் தருகிறது, அந்த மாதிரிதான் நமக்குத் தோது. உலக அறிவியல் பத்திரிகையாளர் மாநாடு 2023இல் கொலம்பியாவின் மெதெயினிலும் 2025இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் நடந்தது, அதற்குப் போய்வரவும் பயண உதவி அறிவிப்பார்கள். நம் நாட்டில் பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புறச் செய்தி இணையதளம் தமிழிலும் வெளியிடுகிறது, அங்கே அவ்வப்போது வரும் அறிவிப்பையும் கவனித்துக்கொண்டே இருங்கள். எனக்குக் கொடுத்தது எது என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் "உங்கள் பின்னணியைப் பற்றி எழுதுங்கள்" என்று ஓர் இடம் இருக்கும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் சிக்குகிறார்கள். ஓட்டு வீடு, மண்ணெண்ணெய் விளக்கு, அப்பாவின் கூலி என்று ஒரு பக்கம் அழுது வைப்பது. வேண்டாம். நான் அதற்கு இரண்டே வரி எழுதினேன், மிச்சமெல்லாம் நான் எழுதப்போகும் செய்தியைப் பற்றி. பின்னணியே எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். நாம் வளர்ந்த இடத்தால் நமக்கு மட்டும் தெரிந்த கேள்வி ஒன்று இருக்கும் பாருங்கள், அதைக் காட்டுங்கள் என்கிறேன்.

என் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஊர் பென்னாகரம் பக்கம். எனக்கும் தம்பிக்கும் முன்பல்லெல்லாம் பழுப்புக் கறை. அம்மாவுக்கோ பல் வெள்ளை வெளேர் என்றிருக்கும். ஒரே வீடு, ஒரே போர்வெல் தண்ணீர், ஒரே குடம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் சிரிம்மா" என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு இது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா பிறந்தது காவிரிக் கரையில், ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். பல் எனாமல் உருவாவது ஏழெட்டு வயதுக்குள், அப்போது குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமிருந்தால்தான் கறை விழும். அதனால் கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அதே தண்ணீரைக் குடித்தும் அவர் பல்லுக்கு ஒன்றுமில்லை, முட்டியும் இடுப்பும்தான் பிடித்துக்கொண்டன. அது ஃப்ளோரைடா வயசா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை.

தேர்வான பிறகு கொடுத்த வழிகாட்டி வெள்ளைக்கார அம்மா. தருமபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் முதல் ஜூம் பேச்சிலேயே கேட்டார்: உங்கள் தெருவில் அங்கேயே பிறந்து வளர்ந்தும் கறை இல்லாத பெரியவர்கள் யார், சின்ன வயதில் எங்கே தண்ணீர் எடுத்தார்கள்? போய்க் கேட்டால், எல்லோரும் போர் போடுவதற்கு முந்தின கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள். நம் மாவட்டப் பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைகிறது, ஆழத்தில் நெடுநாள் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் கூடுதலாகக் கரைகிறது. தரக்கட்டுப்பாட்டு அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5. எங்கள் தெரு போரின் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது அங்கே இருந்த அண்ணன் "கண்ணாடி பாட்டில்ல எடுத்துட்டு வராதீங்கம்மா, ஃப்ளோரைடு கண்ணாடியோட சேரும், கணக்கு தப்பிடும், பிளாஸ்டிக்ல கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வரியைக் கட்டுரையில் போட்டேன், எடிட்டருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

"அதான் 2013லயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துடுச்சே, இன்னும் என்ன ஃப்ளோரைடு?" என்று யாராவது கேட்பீர்கள். வந்தது, நல்ல திட்டம், ஜப்பான் கடனுதவியில் கட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் குழாயில் வராத நாட்களில் என்ன குடிக்கிறோம் என்று வந்து பாருங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நின்று இன்னும் அடர்த்தியாகும்.

கோட்டா என்றவருக்கு: இந்தச் செய்தியைப் பெங்களூரிலிருந்து வந்து எழுத யாரும் தடுக்கவில்லையே ஐயா. எத்தனை வருடமாக இங்கே கிடக்கிறது!

பண விஷயம் ஒன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பதிவான செய்தித்தாளின் நிருபர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது என்கிறது. சம்பளம், ஸ்காலர்ஷிப், ஸ்டைபெண்ட் மாதிரியானவற்றுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆகவே அவர்கள் தரும் கடிதத்தில் பணம் எதற்கு என்று தெளிவாக இருக்கட்டும், ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். என் வங்கிக் கிளையில் "ட்ரஸ்ட் ஏதாவது நடத்துறியாம்மா?" என்று கேட்டார்கள்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெல்லோஷிப்புக்கு முன்னால் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தேன். சம்பளம் கிடையாது, வந்த செய்திக்கு லைன் கணக்கில் காசு, அதுவும் எப்போதாவது. ஆனால் தீபாவளி மலர் என்றால் நகைக்கடை, ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம் என்று ஏறி இறங்கி விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். பிடிக்காதவர் பெயர் அடுத்த மாதம் காணாமல் போகும். குடிநீரைப் பற்றி நான் அனுப்பிய செய்தியை "வாசகர்களுக்குப் புரியாது" என்று ஓரங்கட்டியவர்களே, அது இங்கிலீஷில் வெளியானதும் நம்ம பொண்ணு என்று வாழ்த்துச் செய்தி போட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய எடிட்டரைத் தேடி அலைய வேண்டாம், உங்களை நன்றாகத் தெரிந்த கெமிஸ்ட்ரி மேடம் போதும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எழுத்து மாதிரி தமிழில்தான் இருக்கிறதென்றால் ஏற்பார்களா என்று மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் போடுவார்கள். கடைசித் தேதியில் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11:59 என்றிருந்தால் நமக்கு அது மறுநாள் காலை ஒன்பதரை, அவர்களுக்குக் குளிர்காலமென்றால் பத்தரை. ஆனாலும் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள், நம்ம ஊர் கரண்டை நம்ப முடியாது.