தமிழ் நாடகங்களுக்கு மட்டும் 'எபிசோடு 1, எபிசோடு 2' என்று வருகிறதே, வீட்டு மீடியா சர்வரில் தலைப்பை எப்படிக் கொண்டுவருவது?

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளில் ஆங்கிலத் தொடர்களுக்குத் தலைப்பு, படம், கதைச்சுருக்கம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அம்மாவுக்காகச் சேர்த்த தமிழ் நாடகங்களுக்கு மட்டும் எபிசோடு 1, எபிசோடு 2. பத்து முறை ஸ்கேன் ஓட்டிவிட்டேன் என்கிறீர்கள். பதினோராவது முறை ஓட்டினாலும் மாறாது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை ஒளித்துவைத்துக்கொண்டு நானும் இதே பாடு பட்டவன்தான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். எபிசோடுகள் சரியான சீசனில், சரியான எண்ணில் இருக்கின்றனவா? எல்லாம் 'சீசன் தெரியவில்லை' என்ற பகுதியில் குவிந்து, கோப்பின் பெயரே தலைப்பாகத் தெரிந்தால், சர்வருக்கு எண்ணையே படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். எண் சரியாக வந்து தலைப்பு மட்டும் இல்லையென்றால் அது வேறு கதை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நான் ஒரு வார இறுதியைத் தொலைத்தேன்.

எண் படிக்கவில்லை என்றால் வேலை சுலபம். தொடரின் பெயரில் ஒரு ஃபோல்டர், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆண்டு. அதற்குள் 'சீசன் 01' என்று இன்னொரு ஃபோல்டர். கோப்பின் பெயரில் எஸ், 01, ஈ, 07 நான்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வர வேண்டும். 'சீசன்' ஃபோல்டரின் பெயரும் இதுவும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். நான் ஆசையாக 'பகுதி 7' என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன், சர்வர் அதைச் சட்டை செய்யவே இல்லை. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி மாதிரி வரிசையில் சேராதவற்றை 'சீசன் 00' ஃபோல்டரில் போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு தொடர்கள் இருந்தால் ஃபோல்டர் பெயரிலேயே டிஎம்டிபி என்ற இணையத் தரவுத்தளம் அந்தத் தொடருக்குக் கொடுத்திருக்கும் எண்ணைச் சதுர அடைப்புக்குள் கொடுத்துவிடலாம். அப்புறம் அது வேறு நாடகத்தின் தலைப்புகளைக் கொண்டுவந்து ஒட்டாது.

எண் சரியாக வந்தும் தலைப்பு இல்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது மொழி. ஜெல்லிஃபின் தலைப்புகளை முக்கியமாக டிஎம்டிபி தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் என்னையும் உங்களையும் போன்றவர்கள் தட்டச்சு செய்து சேர்த்தவை. மொழிப்பற்று மேலிட்டு நான் சர்வர் முழுவதற்கும் தமிழ் என்று அமைத்தேன். யாரும் தமிழில் தலைப்பு சேர்க்காத ஆங்கிலத் தொடர்கள்கூட மறுநாளே எபிசோடு 1, எபிசோடு 2 ஆகிவிட்டன. ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனி மொழி வைக்கலாம் என்பதால் தமிழ் நாடகங்களைத் தனி லைப்ரரியாகப் பிரித்துவிடுங்கள். மொழியை மாற்றியபின் 'விடுபட்டதைத் தேடு' என்று புதுப்பித்தால் போதாது. 'எபிசோடு 7' என்பதையும் அது ஒரு தலைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. 'எல்லாவற்றையும் மாற்று' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் கையால் திருத்திய தலைப்பு ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் போய்விடும்.

சரி, தரவுத்தளத்திலேயே தலைப்பு இல்லையென்றால்? தமிழ் நாடகங்களில் பெரும்பாலும் இதுதான் சிக்கல். சிங்கப்பூரின் வசந்தம் தொலைக்காட்சி முழுநேர ஒளிவழியானதே 2008-இல்தான். அதற்கு முன்பு வீட்டு விசிஆரில் பதிந்த நாடகங்களுக்கு இணையத்தில் தலைப்பு தேடிக்கொண்டிருக்காதீர்கள், நாமேதான் எழுத வேண்டும்.

நான் முதலில் பிரவுசரிலேயே ஒவ்வொரு எபிசோடாகத் திறந்து 63 தலைப்புகளைத் தட்டினேன். இரண்டு மாதம் கழித்து ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு செத்தது. வீடியோக்கள் வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. தலைப்புகள் கார்டிலிருந்த டேட்டாபேஸில் இருந்தன, எல்லாம் போச்சு.

அப்போதுதான் என்எஃப்ஓ கோப்பின் அருமை தெரிந்தது. வீடியோவின் அதே பெயரில், பக்கத்திலேயே இருக்கும் சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு அது, அதாவது குறிகளிட்ட வெறும் எழுத்துக் கோப்பு. 'எபிசோடுடீட்டெய்ல்ஸ்' (episodedetails) என்ற குறிக்குள் டைட்டில், சீசன், எபிசோடு என்று மூன்று வரி இருந்தால் போதும். சர்வரை மாற்றினாலும் தலைப்பு வீடியோவோடு கூடவே வரும். கோடி என்ற இன்னொரு மீடியா மென்பொருளும் இதையே படிக்கும். லைப்ரரி அமைப்பில் மெட்டாடேட்டா (தலைப்பு, கதைச்சுருக்கம் போன்ற விவரங்கள்) சேமிக்கும் இடத்தில் 'என்எஃப்ஓ' என்பதை டிக் செய்துவிட்டால், பிரவுசரில் நீங்கள் திருத்துவதை ஜெல்லிஃபினே இப்படிக் கோப்பாக எழுதிவைக்கும். அந்த ஃபோல்டரில் எழுத அதற்கு அனுமதி இருக்க வேண்டும். நான் சர்வரைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கர் மென்பொருளில் மீடியா ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று கொடுத்துவிட்டு, ஏன் கோப்பே வரவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை நான் தட்டவில்லை. அப்பா அந்தக் காலத்தில் எங்கள் கேசட்டுகளுக்கெல்லாம் கணினியில் ஒரு பட்டியல் போட்டுவைத்திருந்தார். திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் தலையில் புள்ளியும் கொம்புமாக என்னென்னவோ தெரிந்தது. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துமுறை. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒட்டி, பட்டனை அழுத்தியதும் 'கேசட் 4, இரண்டாம் பாகம், கல்யாண வீட்டில் சண்டை' என்று அப்பாவின் நடையிலேயே வந்து நின்றது. அதை எண், தலைப்பு என்று இரண்டு பத்தியாக்கி, இருபது வரி பைத்தான் நிரலில் விட்டேன். அத்தனை என்எஃப்ஓ கோப்புகளும் ஒரு நொடியில் தயார். யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமிக்க மறக்காதீர்கள். தலைப்பில் வெறும் 'அண்ட்' குறி (&) இருந்தால் எக்ஸ்எம்எல் உடைந்து அந்த ஒரு எபிசோடு மட்டும் அடம்பிடிக்கும். எனக்கு 'மாமா & மருமகன்' அப்படித்தான் செய்தது. 'மாமாவும் மருமகனும்' என்று மாற்றினேன், தமிழும் நன்றாகிவிட்டது.

தினசரித் தொடர்களுக்குப் பெரும்பாலும் தலைப்பே கிடையாது. அவற்றுக்கு ஒளிபரப்பான தேதியை வைக்கலாம் என்று நினைத்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தேதியும் நம்பரும் யாருக்குடா ஞாபகம் இருக்கும்? மாமியார் மயங்கி விழுந்த அன்னிக்குன்னு போடு, நான் கண்டுபிடிச்சிக்கிறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் வீட்டு 34-ஆம் எபிசோடின் தலைப்பு இப்போது 'கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டா'.

இந்தத் தலைப்புகளை டிஎம்டிபியில் ஏற்றாதீர்கள், அவை நம் வீட்டுக்கு மட்டும். ஒளிபரப்பில் உண்மையாகவே தலைப்பு வந்திருந்தால் மட்டும் அங்கே இலவசக் கணக்கு தொடங்கிச் சேர்த்துவிடுங்கள், அடுத்து தேடுபவருக்கு உதவும்.