மீட்பு ஹெலிகாப்டர் கடலில் இறங்காமல் அந்தரத்தில் நிற்பது ஏன்?

பினாங்குப் படகில் பட்டர்வொர்த்துக்குப் போகும் பலருக்கும் எழும் கேள்வி இது. தேடல் மீட்பு ஹெலிகாப்டர் என்பது ஆபத்தில் சிக்கியவரைக் கண்டுபிடித்துத் தூக்கிவரும் வானூர்தி. மலேசிய விமானப்படையில் 1968 முதல் நூரி என்னும் ஹெலிகாப்டர் இப்பணியைச் செய்தது. பின்னர் 12 இசி-725 ஹெலிகாப்டர்கள் வந்தன.

ஹெலிகாப்டரின் எஞ்சினும் சுழலியும் (சுழலும் இறக்கைகள்) மேலே இருப்பதால், அலையில் இறங்கினால் எளிதில் கவிழ்ந்துவிடும். அதனால்தான் மேலே நின்றபடி கம்பியை இறக்குகிறார்கள். ஆனால், நிற்பதுதான் கடினம். முன்னோக்கிப் பறக்கும்போது சுழலிக்குப் புதிய காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும்; ஓரிடத்தில் நின்றால், தான் கீழே தள்ளிய காற்றோடேயே போராட வேண்டும், எஞ்சினுக்குச் சுமை கூடும். பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: விரைந்து போவது எளிது, கால் ஊன்றாமல் நிற்பதே பெரும்பாடு.

நேர் கீழே இருப்பவர் விமானியின் கண்ணுக்குத் தெரிய மாட்டார். கதவோரம் மண்டியிட்டிருக்கும் வீரர் "முன்னே இரண்டு மீட்டர்... நில்" என்று சொல்லச் சொல்ல விமானி ஹெலிகாப்டரை நகர்த்துகிறார். ஒரு குரலை நம்பியே உயிர்காக்கும் அந்தத் திறமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கம்பி கைக்கு எட்டியதும் பிடித்துவிட வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு. பறக்கும்போது சேர்ந்த மின்னேற்றம் தாக்கக்கூடும், கொக்கி முதலில் நீரையோ தரையையோ தொட வேண்டும்.