படிச்சா என்ன தருவே?

கேள்வி: எட்டு வயது மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். முன்பெல்லாம் எதைப் பார்த்தாலும் கேள்விதான். பாடத்தை முடித்தால் ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கர் சேர்ந்தால் பரிசு என்று ஆரம்பித்த பிறகு, "இதைப் படிச்சா என்ன தருவே?" என்கிறான். பழைய ஆர்வம் திரும்புமா?
– வாசகி ஒருவர்

பதில்: திரும்பும். முதலில் ஸ்டிக்கரை நிறுத்துங்கள். இதுவரை சேர்த்ததற்கு உரிய பரிசை, ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெப்பரும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வீட்டுக் கதையேதான். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்தபோது அவர்கள் மற்ற பிள்ளைகளைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, பரிசு தப்பில்லை, பேரம்தான் தப்பு.

நிறுத்தியதும் முரண்டு பிடிப்பான். பிடிக்கட்டும்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் பலருக்கு, பிள்ளை எதைத் தொட்டாலும் அதைப் பாடமாக்கிவிடும் பழக்கம் உண்டு. எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், உடனே எத்தனை கால், படம் வரை, பாகங்களைக் குறி, நாலு வரி எழுது என்று நோட்டு வந்துவிடும், அப்புறம் அவன் எதற்கு வாயைத் திறக்கப் போகிறான்? அதற்குப் பதிலாக, "வரிசைக்குக் குறுக்கே விரலால் தேய்த்துப் பார்ப்போமா?" என்று பக்கத்தில் உட்காருங்கள். எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்தால், ஏதோ ஒரு தடத்தைப் பிடித்துத்தான் போகின்றன என்று அவனே சொல்லக்கூடும். அந்தத் தடம் வாசனை என்பதைத் தேடிப் படிக்கத் தோன்றினால் நல்லது, தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வாய்ப்பாடு மாதிரி விஷயங்கள்? சரி, எல்லாமே ஆர்வத்தால் வந்துவிடாது. அதை விளையாட்டு மாதிரி ஜோடிக்க வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "இது சலிப்பான வேலைதான், பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிடலாம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பதினாறாவது நிமிஷம் நீங்களே புத்தகத்தை மூடிவிட வேண்டும்.