வினிகரில் துரு நீக்கிய ரேடியோ பெட்டியில் பெயிண்ட் கொப்பளித்தால்

பழைய ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 ரேடியோவின் இரும்புப் பெட்டியை வினிகரில் ஊறவைத்துத் துரு நீக்கிப் பெயிண்ட் அடித்ததாகவும், அது கொப்பளிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கொப்பளித்த இடங்களை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, மறுபடி ப்ரைமரிலிருந்து (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தொடங்குங்கள். மேலேயே இன்னொரு கோட் அடித்தால் நிற்காது.

வினிகரில் ஊறவைத்ததாகச் சொன்னீர்கள், கழுவியதாகச் சொல்லவில்லை. மடிப்புகளில் தங்கிய அமிலம்தான் காரணமாக இருக்கும். ஒரு கொப்புளத்தைக் கத்தியால் திறந்து பாருங்கள். அடியில் பழுப்புத்தூள் இருந்தால் அதேதான். இரும்பு பளபளப்பாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு.

சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் சூடேறும்வரை காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் அடியுங்கள். முன்பக்க எழுத்துகள் மேல் மட்டும் உப்புத்தாள் படவே கூடாது, போனால் திரும்பாது.

அப்புறம், எஸ்-38 வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். அதனால் சேசிஸில் (பாகங்கள் பொருத்தியிருக்கும் உள் உலோகச் சட்டம்) மின்சாரம் இருக்கலாம். பெட்டியையும் சேசிஸையும் பிரிக்கும் வாஷர்களைத் தவறாமல் பழைய இடத்திலேயே மாட்டுங்கள்.