ஒருவருக்கும் மூக்கு ஒழுகவில்லை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்தொன்று. சென்ற மாதம் மழையிலும் பனிமூட்டத்திலும் தினமும் வேலைக்கு நடந்து போனதில் கடுமையான சளி, காய்ச்சல். ஐந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. போன முறை வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு மீதம் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். பொழுது போகாமல், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுடைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். மந்திரவாதிகளும் பேசும் ஓநாய்களும் வரும் மூன்று பாகக் கதை. அவள் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. ஐந்து நாளில் மூன்று பாகத்தையும் முடித்துவிட்டேன். கடைசியில் அழுதேன். திருமணத்துக்குப் பிறகு நான் முழுதாக வாசித்த முதல் கதை அதுதான்.

என் கொழுந்தனார் தீவிர இலக்கிய வாசகர். "இந்த வயதில் குழந்தைப் புத்தகமா?" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு விஷயத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கதையில் மூன்று நாள் கொட்டும் மழையில் குதிரையில் போகிறார்கள், ஒருவருக்கும் மூக்கு ஒழுகவில்லை. நான் பக்கத்துக்கு ஒருமுறை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட கதைகளை ரசிப்பது வாசிப்பில் பின்தங்கிய நிலையா? இதிலிருந்து மேலே வர எந்தெந்த நூல்களை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும்? பட்டியல் தந்தால் நன்றியுடையவளாவேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வியை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன், மன்னியுங்கள். வருகிற கடிதங்களில் பாதிக்கு நான் பதில் எழுதுவதில்லை. எட்டு நாளாக நானும் குன்னூரில் கம்பளிக்குள் கிடக்கிறேன். தலைமாட்டில் நீலகிரித் தைலம், கால்மாட்டில் பூனை. மதிப்புரைக்கு வந்த எண்ணூறு பக்க நாவல் ஒன்று மார்பின் மேல் கனக்கிறது. அதில் இதுவரை நான்கு பேர் செத்துவிட்டார்கள், ஒருவர்கூடத் தும்மவில்லை. இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. (நீங்கள் வாசித்த புத்தகத்தின் பெயரை எடுத்துவிட்டேன். விட்டுவைத்திருந்தால் இங்கே வருகிறவர்கள் அதைப் பற்றி மட்டுமே சண்டை போடுவார்கள்.)

முதலில் திட்டிவிடுகிறேன். நான்கு மாத்திரை மீதம் இருந்தது என்றால் போன முறையும் டாக்டர் சொன்ன கணக்குக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்று பொருள். கணக்கு எழுதுகிறவருக்கு இது தெரியவேண்டாமா? மீந்த தோசை மாவா அம்மணி, மறுநாள் ஊற்றிக்கொள்ள? சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் அதைத் தின்றால் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்களில் நோஞ்சான்கள் சாகும், முரடர்கள் பிழைத்துப் பெருகுவார்கள். நாளைக்கு உண்மையாகவே நிமோனியா வந்து நின்றால் அந்த மருந்து கேட்காது. 1907லிருந்து பாஸ்டர் நிறுவனம் இருக்கிற மலை இது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளக் கீழ்நாட்டிலிருந்து ஜனங்கள் ரயிலேறி இங்கே வந்தார்கள். இங்கே குடியிருந்துகொண்டு பழைய டப்பாவைத் துழாவி மாத்திரை தின்பது எனக்குத் தாங்கவில்லை.

பனிமூட்டத்தையும் குற்றம் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்கு அருகே 1946 முதல் 1990 வரை சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. ஆட்களைக் குளிக்கவைத்து ஈரத்தோடு காற்றடிக்கும் நடைவழியில் நிறுத்திப் பார்த்தார்கள். ஈரக் காலுறையோடு திரியவிட்டார்கள். நனைந்தவர்களுக்குச் சளி தனியாக ஒன்றும் அதிகம் பிடிக்கவில்லை. மழை நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருவர் மூச்சை ஒருவர் குடிக்கிறோமே, அதுதான் வினை. ஆகவே உங்கள் குதிரைவீரர்களுக்குக் காட்டுவழியில் மூக்கு ஒழுகாதது ஒருவகையில் நியாயம். ஆனால் எங்காவது ஒரு சத்திரத்தில் தங்கியிருப்பார்களே, அங்கே பிடித்திருக்க வேண்டும். ஆசிரியர் தப்பித்துவிட்டார்.

அந்த நிலையத்தில் எனக்குப் பிடித்தது வேறு. பத்து நாள் தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பதிலுக்கு மூக்கில் சில சொட்டு விட்டுக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அதை ஒரு விடுமுறையாகவே எண்ணித் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. சளி பிடித்தால் பிடிக்கட்டும், பத்து நாள் யாரும் எழுப்பாமல் படுத்து வாசிக்கலாமே என்று. நாற்பது வருடத்துக்கு மேல் தேடியும் மருந்து கிடைக்கவில்லை என்பது தனிக்கதை. ரைனோவைரஸ் மட்டுமே நூறு வகைக்கு மேல். ஒன்றை உடம்பு அடையாளம் கண்டுகொள்வதற்குள் பங்காளி ஒருவன் வாசலில் நிற்பான்.

அந்த ஆட்களை நினைக்கும்போது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி குத்துகிறது. திருமணத்துக்குப் பிறகு முழுதாக வாசித்த முதல் கதை என்று, மளிகைச் சீட்டில் உப்பைச் சேர்ப்பதுபோல எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். காய்ச்சல் வந்தால்தான் நம் வீடுகளில் ஒரு பெண் பகலில் படுக்கலாம். அந்த ஐந்து நாளில் கைக்கு எட்டியதை எடுத்து, பசித்தவள் சாப்பிடுவதுபோல வாசித்திருக்கிறீர்கள். அதற்கு வெட்கப்படுகிறீர்கள். உடம்பு தேறியவுடன் என்னிடம் வந்து பட்டியல் கேட்கிறீர்கள், உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று எழுதித் தரச்சொல்லி. நான் கம்பவுண்டர் இல்லை. பட்டியல் கிடையாது. கொழுந்தனாரைப் பற்றியும் நான் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாக் கொழுந்தும் ஒருநாள் முற்றிய இலையாகும் என்று தேயிலைக் கணக்கு எழுதும் உங்களுக்குத் தெரியும்.

மூக்குக்கு வருகிறேன். சளி பிடிக்காதவர்கள் உங்கள் குதிரைவீரர்கள் மட்டும் இல்லை. நம் தீவிர இலக்கியத்தில் யாருக்குப் பிடித்திருக்கிறது? காசநோய் உண்டு. காலரா உண்டு, பெரியம்மை உண்டு, இப்போது புற்றுநோய். இருமினால் ரத்தம் வரவேண்டும், இல்லாவிட்டால் நாவலாசிரியர் அதைக் குறித்துக்கொள்வதில்லை. சங்கப் பாடல்களைப் புரட்டினால் திரும்பிய பக்கமெல்லாம் பசலை, சளி இல்லை. நான் வாசித்தவரையில், ஒரு மனிதன் வெறுமனே மூன்று நாள் ஜலதோஷத்தில் கிடந்து, செத்துப்போகாமல், யாருடைய வாழ்க்கையையும் மாற்றாமல், நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போன கதை தமிழில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. ஆனால் வாழ்நாளில் நாம் எத்தனை முறை அப்படிக் கிடக்கிறோம்! ருசி போய், காது அடைத்து, சமையலறைச் சத்தம் வேறு ஊரில் கேட்பதுபோலக் கேட்கும். ஓட்டில் இருக்கும் கறை ஒரு முகமாகும், பிறகு ஒரு தீவாகும். நம் வீடே நமக்கு அந்நிய தேசமாகிற நேரம் அது. பெரிய நோயில் சாவைப் பற்றி யோசிக்கிறோம். சின்ன நோயில்தான் கதைக்கு இடம் இருக்கிறது. பேசும் ஓநாய் அந்த நேரத்தில் கட்டிலருகே வந்து உட்கார்ந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. எழுதுகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிட்டார்கள், அதனால் வாசகர்கள் போய் ஓநாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இதைச் சொன்னால் என் நண்பர்கள், "உனக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை" என்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஒரு சிறு பதிப்பகம் உர்சுலா லெ குவினிடம், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டது. அவர் 1968ல் கொடுத்தது ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. அதில் இளம் மந்திரவாதியின் நண்பன் ஒருவன், படகு கட்டுகிறவன், அவனுடைய குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. காயத்தை ஆற்று, நோயைத் தணி, ஆனால் போகிற உயிரைப் போகவிடு என்பது மந்திரவாதிக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாடம். நண்பனின் முகத்தைப் பார்த்து அதை மீறுகிறான். உயிரைத் துரத்திக்கொண்டு இருட்டுச் சரிவில் வெகுதூரம் இறங்கிவிடுகிறான். குழந்தை பிழைக்கவில்லை. இவனும் பிணம்போலக் கிடக்கிறான். கடைசியில் அவன் வளர்க்கும் சின்னப் பிராணி முகத்தை நக்கி நக்கித்தான் அவனைத் திரும்பக் கொண்டுவருகிறது. புயலைத் திருப்பத் தெரிந்தவனுக்கு ஒரு குழந்தையின் காய்ச்சலை ஒன்றும் செய்யமுடியவில்லை! இதை எழுதியவருக்கு நோய்ப் படுக்கை தெரியும். அது சிறுவர் அலமாரியில் இருந்தால் என்ன, பரண்மேல் இருந்தால் என்ன? நான் அதை ஐம்பது வயதில் வாசித்தேன், அதுவும் காய்ச்சலில்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 1971ல். ஒன்பது வயது. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருந்தோம். நவம்பர் மழை. ஒரு காலையில் வலது காதுக்குக் கீழே வீங்கியிருந்தது, சாயங்காலத்துக்குள் இடதும் சேர்ந்துகொண்டது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "பொன்னுக்கு வீங்கி. தானாக வடியும்" என்றார். தானாக வடிவதை அம்மாவால் ஏற்க முடியவில்லை. பெயரிலேயே நோய் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறதே! பொன் போட்டால்தான் வற்றும். எங்கள் வீட்டில் குன்றிமணிப் பொன் கிடையாது. அம்மாவின் தாலியே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு. மேஸ்திரி வீட்டம்மாவிடம் போய் நின்று, இரண்டு பவுன் சங்கிலி ஒன்றை இரவல் வாங்கிவந்தாள். என்ன சொல்லிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அதை என் கழுத்தில் போட்டு, அதன்மேல் துண்டைச் சுற்றி, கம்பளியைப் போர்த்தி, கதவை வெளியே தாழிட்டுவிட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை.

அந்த லைனில் இருந்த எல்லாப் பொருளையும் சேர்த்தாலும் என் கழுத்தில் கிடந்ததற்கு ஈடாகாது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கிளார்க் வீட்டிலிருந்து வந்த பழைய அம்புலிமாமா கட்டு ஒன்று சணலால் கட்டியபடி கட்டிலடியில் கிடந்தது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடக்கிறான். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். எனக்கோ வாயைத் திறந்தாலே காதுவரை கத்தி இறங்கும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் வைத்துவிட்டு அலறியிருக்கிறேன். (வீங்குவது உமிழ்நீர்ச் சுரப்பி, புளிப்புப் பட்டதும் அது வேலை செய்யத் துடிக்கும். அன்று அதையும் வேதாளத்தின் வேலை என்றே நினைத்தேன்.) உலகத்திலேயே விக்கிரமாதித்தனின் மௌனம் எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஒரே பையன் நான்தான். கழுத்தில் ராஜாவின் பொன் வேறு கிடந்தது.

ஐந்தாம் நாள் மேஸ்திரி வீட்டம்மா வந்துவிட்டார். கோயமுத்தூரில் ஒரு கல்யாணம், சங்கிலி வேண்டும். வீக்கம் பாதிகூட வடியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். அவர் போனதும், விளக்கருகே வைத்திருந்த மஞ்சள் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு என் கழுத்தில் கட்டினாள். "அஞ்சு நாள் கிடந்ததில் பொன்னோட சத்தெல்லாம் உனக்குள்ளே இறங்கிடுச்சு. அவங்க எடுத்துட்டுப் போனது வெறும் சங்கிலி" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன். பத்தாம் நாள் வடிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மாயக்கதைகள் வாசித்துவிட்டேன், ஒரு மந்திரப் பொருள் கைவிட்டுப் போகும் காட்சியை அவள் அளவுக்குச் சமாளித்த எழுத்தாளர் யாரையும் பார்க்கவில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு விஷயம் படித்தேன். 1963ல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இதே வீக்கத்தோடு நள்ளிரவில் அப்பாவை எழுப்பியிருக்கிறாள். அப்பா மாரிஸ் ஹில்லமன், தடுப்பூசி விஞ்ஞானி. அவளைப் படுக்கவைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய்ப் பஞ்சுக்குச்சி எடுத்துவந்து, அவள் தொண்டையிலிருந்து வைரஸை எடுத்துக்கொண்டார். 1967ல் அதிலிருந்து தடுப்பூசி வந்தது. அந்த வைரஸ் வகைக்கு இன்றும் அவள் பெயர்தான், ஜெரில் லின். என் கழுத்தில் சங்கிலி ஏறியபோது அந்த ஊசிக்கு நான்கு வயது. அவளுடைய அப்பாவும் என்னுடைய அம்மாவும் ஒரே இரவில் வேறு வேறு கதவைத் தட்டியதுபோல எனக்குத் தோன்றுகிறது. தேதி இடிக்கிறது, தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த முதல் பாகத்தை எனக்கு ஒரு வாரம் இரவல் தருவாளா? அட்டை மடங்காமல் திருப்பிவிடுவேன். தைலக்கறை படாது என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.