கர்ப்பத்தில் சினைப்பைக் கட்டி: இப்போதே எடுக்கலாமா?

கேள்வி: 11 வாரக் கர்ப்பம். ஸ்கேனில் வலது சினைப்பையில் 8 செ.மீ. கட்டி. வலி இல்லை. 16 வாரத்தில் மறுபடி ஸ்கேன் பார்த்து ஆபரேஷனை முடிவு செய்யலாம் என்கிறார் டாக்டர். அதுவரை காத்திருக்கலாமா? லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: தாராளமாகக் காத்திருக்கலாம். ஆரம்ப மாதங்களில் தெரியும் கட்டிகளில் பல, கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் நீர்க்கட்டிகள். முதல் வாரங்களில் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் அதிலிருந்துதான் வருகிறது. நஞ்சுக்கொடி (பிளசென்டா) அந்த வேலையை ஏற்றதும், பெரும்பாலும் 16 வாரத்துக்குள் தானே சுருங்கிவிடும்.

அப்போதும் இதே அளவில் இருந்தாலோ, உள்ளே திடமான பகுதி, தடித்த தடுப்புகள், ரத்த ஓட்டம் தெரிந்தாலோ ஆபரேஷனைப் பிரசவம் வரை தள்ளிப்போடாதீர்கள். கருப்பை மேலெழும்போது கட்டி காம்போடு முறுக்கிக்கொள்ளலாம். பொதுவாக 16 முதல் 20 வாரம் வரை வசதியான காலம்; அதற்குப் பின் கருப்பை இடத்தை அடைத்துக்கொள்ளும். மெல்லிய சுவருள்ள சிறிய நீர்க்கட்டி என்றால் ஸ்கேனில் கண்காணித்தாலே போதும். சினைப்பைப் புற்றுநோயைச் சந்தேகித்தால் ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 அளவு, கர்ப்பத்தாலேயே கூடும். அந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். சந்தேகமிருந்தால் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாத எம்ஆர்ஐ உதவும்.

அனுபவமுள்ளவர் செய்தால் லேப்ராஸ்கோபி பாதுகாப்பானதே. கருப்பையில் குத்திவிடாதபடி முதல் துளையைத் தொப்புளுக்கு மேலோ, இடது விலா எலும்புக்குக் கீழோ போடுவார்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் வாயுவின் அழுத்தம் 10–15 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாயைக் கருப்பை அழுத்தாதபடி உடலை இடப்பக்கம் சற்றுச் சாய்ப்பார்கள். சினைப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் உரித்து, பையில் போட்டு வெளியே எடுப்பார்கள். டெர்மாய்டு கட்டி உடைந்து, உள்ளிருக்கும் கொழுப்பும் முடியும் வயிற்றில் சிந்தினால் கடுமையான அழற்சி வரலாம். அதனால் வெதுவெதுப்பான சலைனால் பலமுறை கழுவுவது அவசியம். புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாக இருந்தால் கட்டியை உடைக்காமல், அந்தப் பக்கச் சினைப்பையோடு சேர்த்து எடுப்பதே சரி. குழந்தையின் இதயத்துடிப்பை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பார்ப்பார்கள். வலிக்குப் பாரசிட்டமால் கேளுங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென வலித்து வாந்தி வந்தால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். முறுக்கிய சினைப்பை கருநீலமாகத் தெரிந்தாலும், சீக்கிரம் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.